நாகையிலிருந்து கேமரன் மலைக்கு: வழியின் தொலைவும் காலமும்

தமிழர் வழியின் நீளத்தைக் கோல்கொண்டு அளந்ததைக் காட்டிலும் காலங்கொண்டு அளந்ததே மிகுதி. பக்கத்து ஊர் கூப்பிடு தொலைவு. அதற்கு அப்பாலுள்ளது இத்தனை நாழிகை வழி. சம்பந்தி ஊர் ஒரு பகல் நடை. காதம் என்னும் அளவுகூட நாட்டுக்கு நாடு வேறுபட்டது. நடப்பவனுக்கு வேண்டியது எப்பொழுது போய்ச் சேருவோம் என்பதே அன்றி, எத்தனை முழம் என்பதன்று.

கடல் கடந்த வழிக்கு இம்முறை இன்னும் நன்றாகப் பொருந்தும். நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர். சோழர் காலத்திலும் அவ்வளவே, இன்றும் அவ்வளவே. மாறியது காலம் ஒன்றுதான். அது மாறிய கதையை மரக்கலம், நீராவிக் கப்பல், ஆகாய விமானம் என்று பொறிகளின் வளர்ச்சியாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிய தமிழ் மக்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், போகும் காலம் சுருங்கிய அளவுக்குத் திரும்பும் வழி சுருங்கவில்லை என்பது தெரிகிறது. சில சமயங்களில் அது நீண்டும் இருக்கிறது.

இவ்வழிப் பயணத்திற்கு நாள் கணக்குத் தரும் பழஞ்சான்று ஒன்று சீன நாட்டிலிருந்து கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து சென்ற பௌத்தத் துறவி இத்சிங், தம் காலத்தில் இந்நாட்டை நாடி வந்த பிற துறவியர் வரலாற்றையும் எழுதிவைத்தார். அவருள் வூசிங் என்பவர் ஸ்ரீவிஜயத்திலிருந்து பதினைந்து நாள் பயணத்தில் மலையூரையும், மேலும் பதினைந்து நாளில் கடாரத்தையும் அடைந்தார்; குளிர்காலம் கழியும் வரை அங்குத் தங்கி, பின் மேற்கு நோக்கிக் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார் என்பது அக்குறிப்பு. கடாரம் என்பது இன்றைய கெடா. பினாங்குத் தீவும் 1786-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை கெடா சுல்தானின் நிலமே. ஆகவே வூசிங் கடந்த கடல்வழியும், ஏறக்குறையப் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்துத் தோட்டப் பாட்டாளிகள் கடந்த கடல்வழியும் ஏறக்குறைய ஒன்றே.

முப்பது நாள் என்பது காற்று அமைந்தால்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போகலாம்; வடகிழக்குக் காற்றில் மேற்கே திரும்பலாம். போன கப்பல் அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தே தீரவேண்டும் ஆதலால், ஒரு போக்கும் ஒரு வரவும் சேர்ந்தால் ஏறக்குறைய ஓராண்டு. இவ்வளவு நெடிய வழியாயிருந்தும் இரு கரையும் ஒன்றையொன்று நன்கு அறிந்திருந்தன. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்ட செய்தியை லெய்டன் செப்பேடு கூறும். இருபது ஆண்டுகளுக்குள் இராசேந்திரனின் கப்பற்படை அதே கடாரத்தின்மேற் சென்றது. நட்பும் பகையும் ஒரே காற்றில் சென்றன போலும்.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிலாளரை ஏற்றிச் செல்வதில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி முதலிடம் பெற்றது. நாகை இத்தொழிலுக்குத் தலைவாயிலாக அமைந்ததற்குக் கடல் மட்டும் காரணமன்று. தென்னிந்தியாவின் தொடக்ககால இருப்புப்பாதைகளுள் ஒன்று 1861-62-இல் நாகையிலிருந்து திருச்சிராப்பள்ளிவரை போடப்பட்டதே. தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களில் திரட்டப்பட்ட ஆட்களை அப்பாதை நேரே கடற்கரையிற் கொண்டுவந்து இறக்கியது. பெரிய கப்பல் கரையணையத் துறைமுகம் அங்கில்லை; கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மக்கள் படகேறிச் சென்று கப்பலேறினர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தச் சிறு தொலைவே வழி முழுவதிலும் அச்சந்தருவதாக இருந்திருக்கும்.

இக்கப்பல்களுள் மக்கள் நெஞ்சில் நிலைத்த பெயர் ரஜூலா. 1926-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அது, தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. தளப்பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர்; பாய் விரித்த இடமே அவருக்குரிய இடம். கப்பலின் வேகம் மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கடல்மைல். நாகையை விட்டு, நிகோபார்த் தீவுகளின் தென்முனைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவேயுள்ள கால்வாயைக் கடந்து பினாங்கு சேர ஏறக்குறைய 1,270 கடல்மைல். நிற்காமல் ஓடினால் நான்கரை நாள். சென்னையிற் புறப்பட்டு நாகையில் ஆளேற்றிச் சென்றால் ஆறு நாள் வரை ஆகும். வூசிங்கின் முப்பது நாள், ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

ஆனால் கப்பலில் கழிந்த நாள்கள் பயணத்தின் ஒரு பகுதியே. கங்காணி ஊரில் ஆள் சேர்த்தபின் ஆவடியிலோ நாகையிலோ இருந்த டிப்போவில் சில நாள் தங்கவேண்டும். அங்கே மருத்துவச் சோதனையும் அம்மை குத்துதலும் நடைபெறும். பினாங்கை அடைந்தபின் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் மீண்டும் சில நாள். அதன்பின் பிறையில் இரயிலேற்றம். ஊரை விட்ட நாள் முதல் தோட்டத்து லயத்தில் அடுப்பு மூட்டிய நாள் வரை எண்ணினால் இரண்டு மூன்று வாரமாவது கழிந்திருக்கும். கப்பற் கூலி தொழிலாளியின் கையிலிருந்து போகவில்லை. 1908 முதல் தோட்ட முதலாளிகளிடம் வரியாகத் திரட்டிய குடியேற்ற நிதியே அதைச் செலுத்தியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே எங்கும் பரவிற்று.

இந்த வழி கேமரன் மலைக்கு நீண்டது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு அறிவித்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அதைக் கவனிப்பாரில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரிற் சென்று பார்த்து, மலைவாழ் நகரம் அமைக்க ஏற்ற இடமென்று வற்புறுத்தினார். நிலம் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஏறும் வழியோ பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து. பகாங்கின் மற்றப் பகுதிகளிலிருந்து நேராக மேலேறப் பல பதிற்றாண்டுகள் சாலையே இல்லை என்பது இம்மாவட்டத்தின் ஒரு வேடிக்கை. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டரும், தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டரும் வளைந்து வளைந்து ஏறும் அச்சாலை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் 1,440 மீட்டர் உயரம்.

சாலை முற்றுப்பெறுமுன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து அரசிடம் நிலம் பெற்றுப் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளைத் திருத்திய வேலையில் கோவேறு கழுதைகளும் மனிதர் தோள்களுமே பெருந்துணை. 1930-களில் பாரத், புளூ வேலி முதலிய தோட்டங்களும் எழுந்தன. இரப்பர்த் தோட்டங்களில் வெயிலுக்குப் பழகிய உடல்கள் இங்கே பனியில் கொழுந்து கிள்ளப் பழகின.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. மலையில் தேயிலை வேரூன்றத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் கடல்வழி அடைபடத் தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. வேலையிழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிதியின் செலவிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் மீண்டும் ஓரளவு திறந்த வழியை, கூலிக் குறைப்பைக் கண்டித்து இந்திய அரசு 1938-இல் அடைத்தது. உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றம் அத்துடன் முடிந்தது. பழைய இரப்பர்த் தோட்டங்களுக்கு அரை நூற்றாண்டு திறந்திருந்த வாயில், கேமரன் மலைக்குப் பத்தாண்டுகூட முழுமையாகத் திறந்திருக்கவில்லை.

அதற்கு முன்னைய நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கங்காணிக் காலத்தில் வந்தவர் பெரும்பாலும் நிலையாகத் தங்க வந்தவரல்லர். மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவதும், மீண்டும் வருவதும் வழக்கம். ஒவ்வோராண்டும் ஆயிரமாயிரமாய் வந்தனர், ஆயிரமாயிரமாய்த் திரும்பினர். வழி துன்பமானது, ஆனால் இருபுறமும் திறந்தது. 1938-க்குப் பின் ஊருக்குப் போனால் திரும்பி வர இயலுமா என்னும் ஐயம் பிறந்தது. ஐயம் பிறந்த இடத்தில் பயணம் குறையும்.

அடுத்து வந்தது போர். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. ரஜூலாவின் உடன்பிறப்பாகிய ரோனா என்னும் கப்பல், தமிழ் மக்களைச் சுமந்து இதே வங்கக் கடலில் ஓடியது; போரில் படைவீரரை ஏற்றப் போய், 1943 நவம்பர் 26-இல் அல்சீரியக் கரைக்கு அப்பால் செருமானியர் வான்குண்டால் மூழ்கிற்று. அமெரிக்க வீரர் மட்டும் ஆயிரம்பேருக்கு மேல் மாண்டனர். சப்பானியர் மலாயாவின் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவைத்தனர். மணிகூட வீட்டாரிடமிருந்து விலகிச் சென்ற காலம் அது.

பயணத்தைப் பற்றிப் பேசும்போது செய்தியைப் பற்றியும் பேசவேண்டும். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி 1870-71-லேயே போடப்பட்டுவிட்டது. ஆகவே ஊரில் தந்தை இறந்த செய்தி மலைக்கு ஓரிரு நாளில் வந்து சேரக்கூடும். மகன் போவது எப்பொழுது? கிராணியாரிடம் சொல்லி, துரையிடம் விடுப்புப் பெற்று, தாப்பாவுக்கு இறங்கி, இரயிலில் பிறை சேர்ந்து, பினாங்கில் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். கப்பல் எந்நாளும் புறப்படுவதில்லை. ஏறினபின் ஐந்து நாள். எல்லாம் கூடி வந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ச் சேரலாம். கூடாவிட்டால் அதுவும் இல்லை. கொள்ளி வைக்கப் போய்ச் சேருவது நடவாத செயல். செய்தி விரைவாகவும் உடல் மெதுவாகவும் செல்லும் இந்த இடைவெளியே தோட்டத்து மக்களுக்குத் தொலைவின் உண்மைப் பொருள். கம்பி இல்லாத வூசிங் காலத்தில் இந்தத் துன்பம் இல்லை; செய்தியும் ஆளும் ஒரே கப்பலில் வந்தன.

இந்த இடைவெளியை மூடவல்லது விமானம் ஒன்றே. ஆனால் அது தமிழ்நாட்டுக்கு வந்த திசை வேறு. 1932 அக்டோபரில் டாட்டா தொடங்கிய வான் அஞ்சல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. அதன் நோக்கம் இலண்டன் அஞ்சலோடு இணைவது. அடுத்த ஆண்டு இறுதியில் இம்பீரியல் ஏர்வேஸ் சிங்கப்பூர்வரை நீண்டபோது அவ்வழி கல்கத்தா, இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் என்று வடக்கே சுற்றிச் சென்றது. சென்னை அதில் இல்லை. ஈராயிரம் ஆண்டாகக் கிழக்கே கப்பல் விட்ட கரை, வான்வழியில் முதலில் மேற்கையே நோக்கி நின்றது.

1954-இல் ஏர் இந்தியா இண்டர்நேஷனல் பம்பாயிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கு விமானம் விடத் தொடங்கியபின்தான் அக்குறை நீங்கிற்று. நான்கு விசிறிகள் கொண்ட கான்ஸ்டலேஷன் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிற் பறக்கக் கூடியது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆதலால் ஆறு மணி நேரம். 1960-இல் அந்நிறுவனம் பெற்ற போயிங் 707 மணிக்கு 900 கிலோமீட்டரை எட்டியது. ஆறு நாள் ஆறு மணியாகி, பின் நான்கு மணியாயிற்று. 1965-இல் சுபாங் விமான நிலையமும், 1998-இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும் திறக்கப்பட்டன.

விமானம் வந்தது, ஏறியவர் யார்? வணிகர், வழக்கறிஞர், அரசியல் தலைவர், திரைப்பட நடிகர். கொழுந்துப் பறிப்பவருக்கு நாட்கூலியைச் சேர்த்துவைத்து விமானச்சீட்டு வாங்குவது எண்ணத்துக்கும் எட்டாததாயிருந்தது. அவர் செல்வதாயின் ரஜூலாவிலேயே சென்றார். பணம் மட்டும் தடையன்று. 1953-இல் குடியேற்றச் சட்டம் இறுக்கப்பட்டது. 1957-இல் மலாயா விடுதலை பெற்றபின் குடியுரிமை பெற்றவர் ஒருபுறமும் பெறாதவர் ஒருபுறமுமாக ஒரே லயத்திலும், ஒரே குடும்பத்திலும் பிரிவு உண்டாயிற்று. 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச்சீட்டுத் தேவை என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, பிறந்த நாள் முதல் தோட்டத்தில் உழைத்தவரும் சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தனர். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். நான்கு மணி நேரத்தில் கடலைக் கடக்கும் விமானம் தலைக்குமேல் பறந்த அந்த ஆண்டுகளில்தான், திரும்பி வர உரிமையில்லாத பயணத்தை அவர்கள் மேற்கொண்டனர். கங்காணி காலத்துத் தொழிலாளி ஆறு நாளில் போய் ஆறு நாளில் மீண்டான். இவர்களுடைய வழிக்கு மறுமுனை இல்லை.

தங்கியவர் வேரூன்றினர். தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களிலும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் நிலைத்ததற்கு இத்தங்கலே காரணம். போய்வரும் கூட்டத்துக்குப் பள்ளி வேண்டுவதில்லை. பிள்ளைகள் இங்கேயே வளர்வர் என்பது உறுதியான இடத்தில்தான் பள்ளி நிலைக்கும்.

ரஜூலா 1973-ஆம் ஆண்டுவரை இவ்வழியில் உழைத்து ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் என்னும் கப்பல் 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பற்றியது, பலர் உயிரிழந்தனர். அதனுடன் தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே நெடுங்காலம் நடந்த பயணிகள் கப்பற் போக்குவரத்து முடிவுற்றது. மெதுவான வழி மறைந்துவிட்டமையால் ஏழையும் விரைவான வழியிலேயே போகவேண்டியதாயிற்று. கட்டணம் குறைந்த விமானங்கள் வரும்வரை அது பலருக்குப் போகாமலிருப்பதையே குறித்தது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய விமானம் திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பறக்கத் தொடங்கிற்று. நாகைக்கு ஆள் கொண்டுசென்ற பழைய இருப்புப்பாதையின் மறுமுனை இன்று வான்துறையாகி, அதே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத்து மக்களைக் கிழக்கே அனுப்புகிறது.

இன்றைய கணக்கு வருமாறு. சென்னைக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். இரண்டுக்கும் பறக்கும் காலம் நான்கு மணி நேரத்தை ஒட்டியது. கடிகாரம் மட்டும் வேறு கணக்குக் காட்டும். 1981-ஆம் ஆண்டுவரை இரு நாட்டு மணிக்கும் இரண்டு மணி நேரமே வேற்றுமை. 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியதால் அது இரண்டரை மணியாயிற்று. நள்ளிரவில் திருச்சியை விட்டவர் கோலாலம்பூரில் காலை ஆறரைக்கு இறங்குவார். இரவு பத்துக்குக் கோலாலம்பூரை விட்டவர் திருச்சியில் பதினொன்றரைக்கே இறங்கிவிடுவார். போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி என்று கடிகாரத்தை மட்டும் நம்புபவர் எண்ணக்கூடும்.

விமானத்தை விட்டிறங்கியபின் மலைக்குச் செல்லும் வழி அவ்வளவு மாறவில்லை. நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தாப்பா வரை நெடுஞ்சாலை விரைவாகக் கொண்டு சேர்க்கும். அதன்பின் பழைய மலைச்சாலையே. கடலைக் கடக்க ஆன காலமும், தரையைக் கடந்து மலையேற ஆகும் காலமும் இன்று ஏறக்குறையச் சமம். பத்தில் ஒரு பங்கு தொலைவுக்கு அதே நான்கு மணி நேரம்.

அத்தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்பவருள் தமிழர் சிலரே. அவர்தம் மக்கள் படித்து நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். அவர் விட்ட இடத்தில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர் சரிவுகளில் நிற்கின்றனர். டாக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 2,650 கிலோமீட்டர். சென்னைக்கும் இதற்கும் இருபது கிலோமீட்டர்தான் வேற்றுமை, பறக்கும் காலமும் ஏறக்குறைய அதே நான்கு மணி. அவர்கள் எப்பொழுது ஊர் திரும்புவர் என்பது விமானத்தின் வேகத்தைப் பொறுத்ததன்று. அது வேலை உரிமச்சீட்டில் எழுதியுள்ள நாளையும், வருவதற்கு வாங்கிய கடனையும் பொறுத்தது.